சின்னானும் செங்காந்தளும்

சித்தையன்கோட்டை வயல்களில் நின்று கிழக்கே நோக்கினால் சிறுமலை தோன்றும். அம்மலையில் வாழும் ஒரு பாடும் பறவையையும் ஒரு பூங்கொடியையும் ஈண்டு ஒப்பிட்டு ஆராய்வோம்.

பறவையின் பெயர் மஞ்சள் தொண்டைச் சின்னான். நம் தோட்டங்களில் தினமும் காணும் கொண்டைக்குருவிக்கு இது நெருங்கிய உறவு. தலையும் தொண்டையும் மஞ்சள் நிறம். அடிப்பாகம் சாம்பல் நிறம். காட்டுப் பழங்களும் பூச்சிகளும் இதன் உணவு. சாஸ்திரப் பெயர் பிக்னோனோடஸ் சாந்தோலீமஸ். பறவை வகுப்பில், கிளையைப் பற்றியமரும் பறவைகளின் வரிசையில், சின்னான் குடும்பத்தைச் சேர்ந்தது.

கொடி செங்காந்தள். குடியானவர்கள் கண்வலிக்கிழங்கு என்பர். இது தமிழ்நாட்டின் மாநில மலர். குளோரியோசா சூபர்பா என்னும் பெயரை 1753இல் லின்னேயஸ் இட்டார். நெல், வாழை போல இதுவும் ஒருவித்திலைத் தாவரம், கோல்ச்சிகேசிக் குடும்பத்தது.

இனி இவற்றின் பாதுகாப்பு நிலையைக் காண்போம். சின்னான் தென்னிந்தியாவின் புதர் நிறைந்த பாறைக் குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஆதலின் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது ‘அழியத்தக்க நிலை’யில் வைக்கப்பட்டுள்ளது. செங்காந்தளோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியிருத்தலால் ‘கவலை குறைந்தது’ எனப்பட்டது.

இதனைக் கண்டு கொடிக்கு அபாயமில்லை என எண்ணுதல் தவறு. பட்டியல் கூறுவது உலகின் நிலை. நம் மலையின் நிலையன்று. விதையிலுள்ள கோல்ச்சிசின் மருந்துக்குப் பயன்படுவதால், ஒட்டன்சத்திரம் பகுதியில் இது பயிராகிறது. நடவுக்கு வேண்டிய கிழங்கைக் காட்டில் தோண்டி எடுக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு தோண்டிய இடத்தில் கொடி அற்றுப்போகும்.

ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. நடவுக் கிழங்கைச் சொந்த வயலிலேயே பெருக்குக. கவைபோன்ற கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே முளைதான் உண்டு. அது முறிந்தால் முளைக்காது.

2. கொடி முழுவதும் விஷம். குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாவண்ணம் காத்தல் வேண்டும்.

3. குன்றின் புதர்களுக்குத் தீ வையாதீர்.

காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கிழங்கு அகழ்வதைக் கண்டால், கிராம அதிகாரிகள் வனத்துறைக்கு அறிவித்தல் கடமை. குன்றுகளில் கல் உடைக்க இடம் கேட்போர் வரும்போது, அங்குள்ள புதர்களையும் பறவைகளையும் நேரில் பார்த்த பின்னரே அறிக்கை எழுதுக. செங்காந்தளை வயலில் நட்டுப் பெருக்கலாம். சின்னானை அங்ஙனம் பயிரிட இயலாது. அதற்கு அக்குன்றே வயல்.