பெரிய மோட்டாருக்குக் கடன் கேட்டால் எதைப் பார்க்கணும்?



சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரகடம் ரோட்டில் நம் பிள்ளைகள் வெல்டிங், லேத் வேலை செய்கிறார்கள். கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்ட நம் சொந்தக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். "படகுக்குப் பெரிய மோட்டார் வாங்கணும், கடன் கொடுங்க" என்று ஒரு உறுப்பினர் கேட்டால், எதைப் பார்த்துத் தீர்மானம் போடுவது? அதுதான் இந்த மாதப் பாடம்.

மோட்டார் மட்டும் போதுமா?

மாவு மில்லில் 3 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு 5 போட்டால், பழைய போல்ட் ஓட்டை பொருந்தாது, அடித்தாங்கி அதிரும். மில் என்றால் சுவிட்சை அணைத்துவிடலாம். நடுக்கடலில் தாங்கி பிய்ந்தால் மோட்டாரும் போச்சு, உயிருக்கும் ஆபத்து. படகைத் தள்ளும் விசை முழுவதும் மோட்டார் உட்காரும் இடம் வழியாகத்தான் போகிறது.

இது பழைய அனுபவம். 1953-ல் கேரளாவில் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தில், முதலில் நாட்டுப் படகுகளிலேயே என்ஜின் பொருத்திப் பார்த்தார்கள். சரிவரவில்லை. பிறகு என்ஜினுக்கு ஏற்ற படகைத் தனியாகக் கட்டினார்கள். 1979-ல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமோ, என்ஜின், தண்டு, காற்றாடி மூன்றும் சேர்ந்தே சாய்கிற அமைப்பை உருவாக்கியது. கரை ஏறும்போது காற்றாடி மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டிலும் மோட்டாரும் படகும் ஒன்றுக்கொன்று பொருந்தணும் என்பதுதான் விஷயம்.

பார்க்க வேண்டியவை

1. படகு எவ்வளவு குதிரைத்திறன் தாங்கும் என்று கட்டியவரிடம் கேட்கணும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிய ஃபைபர் படகுகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

2. மோட்டார் மாட்டும் பின்பலகையைத் தட்டிப் பார்க்கணும். பொத்தென்று சத்தம் வந்தாலோ, விரிசல் இருந்தாலோ, உள்ளே மரம் ஊறியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யணும்.

3. போல்ட்டின் உள்பக்கம் சின்ன வாஷர் போதாது. அகலமான தகடு வைத்தால்தான் பாரம் பரவும். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கணும். பழைய ஓட்டைகளையும் புது ஓட்டைகளின் ஓரத்தையும் தண்ணீர் புகாமல் ரெசின் வைத்து அடைக்கணும்.

4. பெரிய மோட்டார் கனமும் அதிகம். பின்பக்கம் தாழ்ந்தால் அலை உள்ளே ஏறும். கரையோரத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே கடலுக்குப் போகணும்.

5. படகின் பதிவில் என்ஜின் விவரம் இருக்கும். மோட்டாரை மாற்றினால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பதிவையும் திருத்திக்கொள்ளணும்.

லாபக் கணக்கு

8 குதிரைத்திறனுக்குப் பதில் 16 போட்டால் வேகம் இரண்டு மடங்காகாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் கனமான படகில் ஏறக்குறைய கால் பங்குதான் கூடும். முழு வேகத்தில் ஓட்டினால் எண்ணெய்ச் செலவோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது 4 மணி நேரப் பயணம் 3 மணி 10 நிமிடம் ஆகலாம். ஆனால் அந்தப் பயணத்துக்கான எண்ணெய் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். அந்த 50 நிமிடத்தில் மீனுக்கு நல்ல விலை கிடைக்குமா? கிடைத்தால் கடன் நியாயம். இல்லையென்றால் தவணை கட்ட நகை அடகுக் கடைக்குப் போகும்.

வீட்டு ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது.

கூட்டத்தில் பேசுங்கள்

• கடன் தொகையில் பின்பலகை வேலை, போல்ட், கூலி, உயிர்காப்புக் கவசம் சேர்ந்திருக்கிறதா?
• ஒரு நாள் எண்ணெய்ச் செலவு இப்போது எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு?
• பழைய மோட்டாரை விற்றால் எவ்வளவு வரும்?
• வேலை முடிந்ததும் எந்த இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்ப்பது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மோட்டாருக்கு மட்டும் பணம் கேட்டு, பொருத்தும் செலவை விட்டுவிட்ட மனுவைத் திருப்பிக் கொடுத்து, முழுக் கணக்கோடு வரச் சொல்லுங்கள்.