மார்பு பாரமும் ஆபரேஷனும்: வயசுப் பெண்ணின் அம்மா தெரிந்துகொள்ள வேண்டியவை



ரத்தசோகை, வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறக்கம் என்று எத்தனையோ விஷயங்களைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிட்டோம். ஒரு விஷயத்தை மட்டும் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போதுதான் காதோடு காதாகக் கேட்கிறீர்கள். "மேடம், என் பொண்ணுக்கு மாரு ரொம்ப பெருசா இருக்கு. முதுகு வலி, தோள் வலின்னு அழுவுறா. இதுக்கு ஆபரேஷன் இருக்காமே, பண்ணலாமா?" திருமலை, ஆரணி பக்கம் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிற கேள்விதான் இது. ஆகவே இந்த மாத ஆரோக்கியப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

இது ஏன் வருகிறது?

பெண் குழந்தைக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் மார்பு அரும்பத் தொடங்கும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் வயசுக்கு வருவாள். வயசுக்கு வந்த பின்னும் சில வருடங்கள் மார்பு வளர்ந்துகொண்டே இருக்கும். இதை எல்லாம் நடத்துவது உடம்பில் ஊறும் ஹார்மோன்கள்.

சில பெண்களுக்கு மார்புத் திசு இந்த ஹார்மோன்களுக்கு அளவுக்கு மீறி வேலை செய்துவிடும். சில மாதங்களிலேயே மார்பு மளமளவென்று பெருத்துவிடும். இதை டாக்டர்கள் இளம்பருவ மார்பக மிகைவளர்ச்சி என்கிறார்கள். இரண்டு பக்கமும் வரலாம், ஒரு பக்கம் மட்டும் வரலாம். உடல் பருமன் காரணமாகவும் மார்பு பெருக்கும். சிலருக்குக் குடும்ப வாகு.

ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். "யாரோ தொட்டிருப்பாங்க", "பசங்க கூட பேசினா இப்படித்தான்" என்று. இதில் துளியும் உண்மை கிடையாது. தொடுவதால், பேசுவதால் மார்பு வளராது. அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை முதலில் அம்மா நம்ப வேண்டும். அப்போதுதான் பெண் வாய் திறந்து தன் கஷ்டத்தைச் சொல்வாள்.

கஷ்டம் எப்படி இருக்கும்?

கழுத்து, தோள், மேல் முதுகு வலிக்கும். உள்பாடியின் பட்டை தோளில் பதிந்து பள்ளம் விழும். மார்புக்குக் கீழே வியர்வை தங்கி அரிப்பு, புண், படை வரும். ஓட முடியாது, விளையாட முடியாது. நம் பகுதியில் பெண்கள் தார் சுற்றுகிறார்கள், தறியில் உட்கார்ந்து குனிந்து நெய்கிறார்கள். குனிந்தே செய்கிற வேலையில் மார்பின் பாரமும் சேர்ந்தால் முதுகு தாங்குமா?

வலியை விடக் கொடுமை கேலிப் பேச்சு. துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, கூன் போட்டு நடக்கிற பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் போக வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடும் பெண்ணும் உண்டு. படிப்பு நின்றால் அடுத்தது கல்யாணப் பேச்சுதான். ஆகவே இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எப்போது உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்?

1. சில வாரங்களில், மாதங்களில் வேகமாகப் பெருத்தால்.
2. ஒரு பக்கம் மட்டும் பெருத்தால். ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி பெரிதாக வளர்ந்தும் இப்படித் தெரியலாம். அதற்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும்.
3. கையில் கட்டி தட்டுப்பட்டால், காம்பிலிருந்து ரத்தமோ நீரோ வந்தால்.
4. தோல் சிவந்து, பளபளத்து, நரம்பு புடைத்து, புண் வந்தால்.

இளம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மிக மிக அபூர்வம். பயந்துகொண்டு மறைக்க வேண்டாம். டாக்டர் கையால் சோதிப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் செய்வார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்றும் கேட்பார். சில மாத்திரைகளாலும் மார்பு பெருக்கும். சோதிக்கும்போது அம்மாவோ ஒரு பெண் நர்ஸோ கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை

சரியான அளவு உள்பாடி. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பாதி வலி இதில் குறைந்துவிடுகிற பெண்கள் உண்டு. டேப்பால் மார்புக்குக் கீழே ஒரு அளவு, மார்பின் மேல் ஒரு அளவு எடுத்து வாங்குங்கள். பட்டை அகலமாக இருக்கட்டும். துணியால் இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. மூச்சு முட்டும், தோல் புண்ணாகும், வளர்ச்சி நிற்காது.

மார்புக்குக் கீழே தினமும் கழுவி ஈரம் இல்லாமல் துடைக்கவும். படை வந்தால் டாக்டர் தரும் களிம்பு போடவும். தோள், முதுகுக்கான பயிற்சிகளை அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் சொல்லித் தருவார்கள். எடை அதிகம் இருந்தால் மெதுவாகக் குறைக்கவும். அதற்காகப் பெண்ணைப் பட்டினி போடாதீர்கள்.

மார்பைக் கரைக்கும் எண்ணெய், சுருக்கும் மாத்திரை என்று விளம்பரம் செய்வார்கள். அவற்றால் பலன் உண்டு என்று நிரூபணம் இல்லை. பணம்தான் கரையும்.

எந்த வயதில் செய்யலாம்?

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். வளர்ச்சி நிற்பதற்கு முன் ஆபரேஷன் செய்தால் மார்பு மறுபடி வளர்ந்துவிடலாம். மறுபடி கத்தி, மறுபடி தழும்பு. ஆகவே மார்பு அளவு குறைந்தது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் மாறாமல் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் இல்லாத பெண்களுக்கு, வயசுக்கு வந்து 3 வருடம் கழித்துச் செய்தால் மறுபடி வளர்வது குறைகிறது. பருமன் உள்ள பெண்களுக்கோ மார்பு நிலைபெற 9 வருடம் வரை ஆகலாம் என்று அதில் தெரிந்தது. 12 வயதில் வயசுக்கு வந்த ஒல்லியான பெண்ணுக்கு 15 வயதுக்கு மேல் யோசிக்கலாம். அதே வயதில் வயசுக்கு வந்த பருமனான பெண்ணுக்கு 21 வயது வரை பொறுப்பது நல்லது என்று கணக்கு வருகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னதை உங்கள் பெண்ணுக்கு டாக்டர் சொல்ல மாட்டார்.

தோல் புண்ணாகி, நடமாடவே முடியாத அளவு கஷ்டம் என்றால் காத்திருக்காமல் முன்னாலேயே செய்வதும் உண்டு. அப்போது மறுபடி வளரலாம் என்பதையும் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

இதைச் செய்வது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். பெயரைக் கேட்டு பிளாஸ்டிக் வைத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். தீக்காயம், உதட்டுப் பிளவு போன்றவற்றைச் சரிசெய்யும் பிரிவும் இதுதான். முழு மயக்கம் கொடுத்து, கூடுதல் சதை, கொழுப்பு, தோலை எடுத்துவிட்டு, காம்பை மேலே சரியான இடத்துக்குக் கொண்டுவந்து தைப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

முதலில் ரத்த அளவு பார்ப்பார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நாட்டு மருந்து உட்பட என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகளால் ரத்தப்போக்கு அதிகமாகும்.

தெரிந்தே சம்மதிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்

தழும்பு: காம்பைச் சுற்றியும், கீழ்நோக்கியும், மார்பின் அடி மடிப்பிலும் தழும்பு இருக்கும். வருடம் போகப் போக மங்கும், முழுதாக மறையாது. நம் மாதிரி மாநிறத் தோலில் தழும்பு தடித்துப் புடைப்பதும் உண்டு. காது குத்தின இடம் தடித்திருக்கிற பெண் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உணர்ச்சி: காம்பில் தொடு உணர்ச்சி குறையலாம். பலருக்குத் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது.

தாய்ப்பால்: நாளைக்குப் பிள்ளை பெறப்போகிற பெண். காம்போடு சேர்ந்த பால் சுரப்பியை விட்டுவைத்துச் செய்யும் முறையில் பலரால் பால் கொடுக்க முடிகிறது. ஆனால் பால் குறையலாம், வெளிப்பால் சேர்த்துக் கொடுக்க வேண்டியும் வரலாம். மார்பு மிக மிகப் பெரிதாக இருந்தால் காம்பைத் தனியாக எடுத்து ஒட்டவைப்பார்கள். அந்த முறையில் பால் கொடுக்க முடியாது. "எந்த முறையில் செய்யப்போறீங்க டாக்டர்? பின்னாடி பால் கொடுக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள்.

பின்னாளில் மாற்றம்: எடை கூடினாலோ கர்ப்பமானாலோ மார்பு அளவு மறுபடி மாறலாம்.

இவற்றோடு, எல்லா ஆபரேஷனிலும் போல ரத்தக்கட்டு, சீழ், தையல் விடுவது ஆகியவையும் சிலருக்கு வரும். இவ்வளவையும் தாண்டி, செய்துகொண்ட பெண்களில் பெரும்பாலோர் வலி குறைந்து நிம்மதியாக இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

யாருக்காகச் செய்கிறோம்?

18 வயது நிரம்பாத பெண்ணுக்கு அப்பாவோ அம்மாவோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து உங்களுடையது, உடம்பு அவளுடையது. பெண்ணுக்கே வேண்டும் என்று தோன்றி, நல்லது கெட்டது எல்லாம் புரிந்து, அவளே சரி என்று சொல்ல வேண்டும். "மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது சொல்லுவாங்க", "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று சொல்லி அவளை மேஜையில் படுக்க வைக்கக் கூடாது. அதே மாதிரி, அவள் வலியில் துடிக்கும்போது "ஊர் என்ன சொல்லும்" என்று தடுக்கவும் கூடாது.

டாக்டரிடம் பெண் தனியாகக் கொஞ்ச நேரம் பேசட்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுப்பார்கள். அது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். யாராவது கேலி செய்து தொந்தரவு கொடுத்தால் 1098 எண்ணுக்குக் கூப்பிடலாம்.

எங்கே போவது? கடன் வாங்கலாமா?

முதலில் ஆரணி அரசு மருத்துவமனை. அங்கிருந்து அடுக்கம்பாறை வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் மார்பகச் சீரமைப்பு உள்ளிட்ட சிகிச்சைகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மையம் தொடங்கப்பட்டது. அழகுக்கு அரசுப் பணமா, உயிர் காக்கும் சிகிச்சைக்குச் செலவு செய்யக் கூடாதா என்று அப்போது எதிர்ப்பும் வந்தது. அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர், இது ஏழைகளுக்குக் கிடைக்காவிட்டால் அவர்கள் ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள், பெரிய கடன் வாங்குவார்கள் என்றார். தோள் வலி, முதுகு வலி தாங்காமல் மார்பைக் குறைக்க வரும் பெண்கள் உண்டு என்று டாக்டர்களும் விளக்கினார்கள்.

கடனைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 50,000 ரூபாயை 2 வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும். இது அவசர ஆபரேஷன் இல்லை. விசாரிக்க நேரம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப் போய், இந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். குழுவில் உள்கடன் எடுத்தால் அது போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நான்கிலிருந்து ஆறு வாரம் தண்ணீர்க் குடம், விறகு, எடை எதையும் தூக்கக் கூடாது. தறியில் உட்காரக் கூடாது. கையை வீசி இழுக்கிற எந்த வேலையும் தையலை இழுக்கும். தாங்கிப் பிடிக்கும் உள்பாடியை டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் திடீர் வீக்கம், காம்பு கறுத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிரசவத்துக்குப் போகும்போதும், நாற்பது வயதுக்கு மேல் மார்பகப் பரிசோதனைக்குப் போகும்போதும் அது வேண்டும்.

குழுவில் பேச

1. நம் ஊரில் கேலிக்குப் பயந்து படிப்பை நிறுத்திய பெண்கள் இருக்கிறார்களா? அவர்களைத் திரும்பச் சேர்க்க என்ன செய்யலாம்?
2. உள்பாடிக்கு அளவு எடுக்க நம் தையல் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தர முடியுமா?
3. பெரிய மருத்துவமனைக்கு முதல் முறை போகும் அம்மாவுக்குத் துணையாக யார் போவது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை ஒரு பெயரோடு தீர்மான நோட்டில் எழுதுங்கள். துணைக்கு ஆள் இருந்தால், தள்ளிப்போடுகிற அம்மாவும் கிளம்பிவிடுவாள்.