பீர் காய்ச்ச எந்த மென்பொருள்? நம் ஊர் வெப்பம் சொல்லும் பதில்

நான் குடியிருப்பது மலேசியாவின் ஜோகூரிலுள்ள கெலாங் பாத்தாவில். பீர் காய்ச்சுவது சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில், என் மனைவியின் தம்பி வீட்டில். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதற்குக் காரணம் சட்டம். மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது. வீட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் இடமில்லை. சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், காய்ச்சுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தன் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், விற்கக்கூடாது, வாலை வடிக்கக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு மைத்துனர் காய்ச்சுகிறார். குறிப்பு எழுதுவது என் வேலை. வார இறுதியில் இரு நாடுகளையும் இணைக்கும் இரண்டாம் பாலம் தாண்டிப் பேருந்தில் போவேன், அங்கேயே குடித்துவிட்டுப் பேருந்திலேயே திரும்புவேன். ஒரு புட்டிகூட இந்தப் பக்கம் வராது.

குறிப்பு இங்கே உருவாகி அங்கே அடுப்பில் ஏறுவதால், எங்களுக்குள் பேச்சு நடப்பதே மென்பொருள் வழியாகத்தான். நான் எழுதி அனுப்பும் எண்ணும் அவர் பானையில் பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் வீட்டில் காய்ச்சுபவர்கள் பேசிக்கொள்ளும் எல்லா மென்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

இந்த மென்பொருள்கள் செய்வது கூட்டல் கழித்தல்தான். எந்த மால்ட் எத்தனை கிலோ, எந்த ஹாப்ஸ் எத்தனை கிராம், எத்தனை நிமிடக் கொதி, எந்த ஈஸ்ட் என்று கொடுத்தால், சாற்றின் தொடக்க அடர்த்தி, கசப்பு, நிறம், கடைசியில் எத்தனை விழுக்காடு ஆல்கஹால் என்று சொல்லிவிடும். அமெரிக்காவின் பிராட் ஸ்மித் 2003-இல் வெளியிட்ட பீர்ஸ்மித்தான் பலருக்கும் முதல் அறிமுகம். அதன் மூன்றாம் பதிப்பு 2018-இல் வந்தது. நார்வேயிலிருந்து வரும் ப்ரூஃபாதர் இணையத்தில் இயங்குவது, கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே குறிப்பைத் திறக்கலாம். ப்ரூவர்ஸ் ஃப்ரெண்டும் இணையத்தில்தான். ப்ரூடார்கெட் முற்றிலும் இலவசம், திறந்த மூலம், கணினியில் நிறுவிக்கொள்வது. விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசு கேட்பவையும் இலவசப் பதிப்போ சோதனைக் காலமோ தருகின்றன. பட்டியலில் எத்தனை நூறு ஹாப்ஸ் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாம். நாம் வாங்கக்கூடிய ஹாப்ஸ் எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மென்பொருள்களைச் செய்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊர்க் கணக்கை அழித்துவிட்டு நம் ஊர்க் கணக்கை எழுத ஒரு மென்பொருள் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது?

ஒரு காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். இரண்டரை கிலோ பேல் மால்ட், ஏழரை லிட்டர் நீர், 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். நீரை எத்தனை டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு மால்ட்டைக் கொட்ட வேண்டும் என்பதை மென்பொருள்தான் சொல்கிறது. தானியம் 22 டிகிரியில் இருப்பதாக அது எடுத்துக்கொண்டால் 73.2 என்று வரும். ஜூரோங் வெஸ்ட் சமையலறையில் மதியம் இரண்டு மணிக்கு மால்ட் மூட்டைக்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு அவர் கூப்பிடுவார்: "மச்சான், தானியமே 30 இருக்கு. இதுல 22-ன்னு போட்டிருக்கு, மாத்திடுங்க." மாற்றினால் 72.1. ஒரு டிகிரிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பானையும் வெயிலில் சூடேறி நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் இறங்கும் வெப்பமும் குளிர்நாட்டைவிடக் குறைவு. எல்லாம் சேர்ந்து, மால்ட் ஊறும் அந்தக் கலவை (மேஷ்) 69-க்குப் போய்விட்டால், ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடிவிடும், பீர் நாக்கில் கனமாக நிற்கும். தானியத்தின் வெப்பம், பாத்திரத்தின் வெப்பம், ஊறும்போது இறங்கும் வெப்பம் மூன்றையும் நாமே எழுத விடுகிறதா என்பதுதான் என் முதல் சோதனை. இந்தச் சோதனையில் தேறாத மென்பொருளை அப்போதே மூடிவிடலாம்.

அடுத்தது கொதியில் ஆவியாவது. மாதம் 30 லிட்டர் வரம்பு இருப்பதால் பத்து பத்து லிட்டராகக் காய்ச்சுகிறோம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 19, 20 லிட்டருக்கானவை. அளவைப் பாதியாக்கு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் மால்ட்டும் ஹாப்ஸும் பாதியாகும், அது சரி. ஆனால் பானை அதே பானை. அதன் வாய் அகலம் பாதியாகவில்லை. மணிக்கு மூன்று லிட்டர் ஆவியாகிற பானையில் பத்து லிட்டர் காய்ச்சினாலும் மூன்று லிட்டர்தான் போகும். ஆவியாவதை விழுக்காட்டில் கணக்கிடுகிற மென்பொருள் ஒன்றரை லிட்டர் என்று எண்ணிக்கொள்ளும். அதை நம்பினால் கடைசியில் பத்து லிட்டருக்குப் பதில் எட்டரைதான் தேறும். 1.050 இருக்க வேண்டிய அடர்த்தி 1.059-க்கு ஏறிவிடும், கசப்பும் அதற்கேற்பக் கூடும். ஆகவே மணிக்கு இத்தனை லிட்டர் என்று எழுத முடிகிற மென்பொருளாகப் பாருங்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க மால்ட் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு முன்னும் பின்னும் அளந்தால் போதும்.

செயல்திறன் என்று ஓர் எண் எல்லாவற்றிலும் இருக்கும். இங்கேதான் குழப்பம் அதிகம். மால்ட்டிலிருந்து பானைக்குள் வந்த சர்க்கரை ஒரு கணக்கு. அடிமண்டியிலும் குழாயிலும் தங்கியது போக நொதிக்கலனுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கணக்கு. பீர்ஸ்மித்தில் குறிப்பின் தலையில் தெரிவது மொத்தக் கணக்கு. ப்ரூஃபாதர் இரண்டையும் தனித்தனியே காட்டும். ஒன்றில் படித்த 72-ஐ இன்னொன்றில் அப்படியே எழுதக்கூடாது. பத்து லிட்டர் காய்ச்சலில் ஒரு லிட்டர் அடிமண்டி என்பது பத்தில் ஒரு பங்கு. சின்ன அளவில் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் இது வலிக்கும். மேலே சொன்ன இரண்டரை கிலோ மால்ட்டில் மொத்தச் செயல்திறன் 72 என்றால் 1.054 வரும், 62 என்றால் 1.046-ஐ ஒட்டி நிற்கும். குடிக்கும்போது ஆல்கஹால் 5.3 விழுக்காடா 4.6 விழுக்காடா என்கிற வித்தியாசம். தன் வீட்டு விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கசப்புக் கணக்கு வேறு மாதிரி. 1990-இல் ஸைமர்ஜி இதழில் ஜாக்கி ரேகர் ஒரு கணக்குமுறையை வெளியிட்டார். அதன் பிறகு கிளென் டின்செத் இன்னொன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் இன்றுவரை மென்பொருள்களில் இருக்கின்றன. பத்து லிட்டருக்குப் பத்து விழுக்காடு ஆல்ஃபா அமிலமுள்ள ஹாப்ஸ் 15 கிராம், ஒரு மணி நேரக் கொதி, அடர்த்தி 1.050. டின்செத் 35 என்பார், ரேகர் 46 என்பார். பீர் ஒன்றுதான். எது உண்மை என்று ஆய்வுக்கூடம் இல்லாமல் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றால், 35 என்றால் நம் நாக்குக்கு எப்படி இருக்கும் என்பது பழகிவிடும். பெரும்பாலோர் டின்செத்தில் நிற்பதால் நானும் அதையே பரிந்துரைக்கிறேன். வேறொருவர் குறிப்பை எடுக்கும்போது அவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று பார்த்துவிட்டு எடுங்கள். இன்னொன்று: நம் குழாயில் வரும் நீரே 29, 30 டிகிரி. கொதி அடங்கியபின் சாறு ஆற நேரமாகும். 80 டிகிரிக்கு மேல் நிற்கும் நேரம் முழுக்க ஹாப்ஸ் கசப்பை இறக்கிக்கொண்டேயிருக்கும். அடுப்பை அணைத்தபின் போடும் ஹாப்ஸுக்கு நேரமும் வெப்பமும் எழுத இடம் இருக்க வேண்டும்; பீர்ஸ்மித்தின் மூன்றாம் பதிப்பிலும் ப்ரூஃபாதரிலும் இருக்கிறது.

அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டருக்கும் இதே கதைதான். பெரும்பாலானவை 20 டிகிரிக்குச் செய்தவை. 30 டிகிரிச் சாற்றில் 1.047 காட்டினால் உண்மையில் அது 1.050-ஐ ஒட்டியது. மாதிரியின் வெப்பத்தையும் சேர்த்து எழுதினால் மென்பொருளே திருத்திக்கொள்ளும். கருவி 20-க்கா 15.6-க்கா என்பது அதன் தாளிலேயே அச்சிட்டிருக்கும், அதையும் அமைப்பில் குறித்துவிடுங்கள்.

புட்டியில் அடைக்கும்போது போடும் சர்க்கரை விஷயத்தில் மட்டும் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கூடினால் புட்டி வெடிக்கும். மென்பொருள் பீரின் வெப்பம் என்ன என்று கேட்கும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் தெளிய வைத்திருந்தால் 4 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அது கேட்பது, நொதித்து முடிந்தபின் பீர் தொட்ட அதிகபட்ச வெப்பத்தை. பீருக்குள் தங்கியிருக்கும் வாயு அதைப் பொறுத்தது. பத்து லிட்டருக்கு 2.4 அளவு வாயு வேண்டுமென்றால், 4 என்று எழுதினால் 36 கிராம் சர்க்கரை வரும், 20 என்று எழுதினால் 62 கிராம் வரும். நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட்டைக் கொண்டு 35 டிகிரியில் நொதிக்க வைத்தால் 70 கிராமை ஒட்டி வரும். குளிர்சாதனம் இல்லாமல் நம் ஊரில் காய்ச்ச நினைப்பவர்களுக்கு அந்த ஈஸ்ட் பெரிய வரம். ஆனால் அதன் வெப்ப எல்லையை மென்பொருளில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீர் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர்க் குழாயில் வருவதில் ஒரு பகுதி எங்கள் ஜோகூர் ஆற்று நீர். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊர் நீராக இருந்தாலும் மென்பொருளில் இருக்கும் பர்ட்டன், டப்ளின், பில்சன் என்ற பீர் ஊர்களின் நீர்ப் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் தன் நீரின் தர அறிக்கையை வெளியிடுகிறது, அதிலுள்ள எண்களை எழுதினால் போதும். நீர் மென்மையானது, ஆகவே கூட்டுவதுதான் வேலை. பத்து லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குக் கால்சியம் 23, சல்பேட் 56 மில்லிகிராம் கூடும். அந்த நீரில் குளோரமின் உண்டு. அது கொதியில் எளிதில் போகாது, மெட்டாபைசல்பைட் ஒரு சிட்டிகை போட வேண்டும். மென்பொருள் இதை நினைவூட்டும் என்று நம்பாமல், குறிப்பின் முதல் வரியில் நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் வீட்டில் காய்ச்சுபவர்கள் பலர் கையில் ப்ரோமேஷ் என்ற மென்பொருள் இருந்தது. அதை வளர்ப்பது நின்றுபோனது. கணினி மாறியபோது குறிப்புகளைக் காப்பாற்ற ஆட்கள் திண்டாடினார்கள். அதனால், மென்பொருளுக்கு மென்பொருள் குறிப்பைக் கொண்டுபோகும் பொது வடிவமான பீர்எக்ஸ்எம்எல்லில் ஏற்றுமதி செய்ய விடாத மென்பொருளில் வருடக்கணக்கான உழைப்பைச் சேர்த்து வைக்காதீர்கள். மேலே சொன்ன நான்கிலும் அந்த வசதி இருக்கிறது. ஏற்றுமதி செய்த கோப்பை வேறொன்றில் திறந்து பார்த்தால்தான் நிச்சயம்; உபகரண அமைப்பு பல நேரம் கூட வராது, அதைத் தனியே குறித்து வையுங்கள்.

இனி என் தீர்ப்பு. இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து ஒரே காய்ச்சலைப் பார்ப்பதானால் ப்ரூஃபாதர். நான் இங்கே ஹாப்ஸ் அளவை மாற்றினால் அவர் கைப்பேசியில் அடுப்படியிலேயே தெரிகிறது. தனியாக, ஒரே கணினியில், ஒவ்வோர் எண்ணையும் தோண்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு பீர்ஸ்மித். காசு செலவழிக்காமல் கற்றுக்கொள்ள ப்ரூடார்கெட் தாராளமாகப் போதும். ஆனால் எதை வாங்குவதற்கு முன்னும் நல்ல தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், கிராம் தராசு மூன்றையும் வாங்கிவிடுங்கள். அளக்காத எண்ணை வைத்துக்கொண்டு எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டில், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பைப் பகிரும்போது தானியத்தின் வெப்பம், குழாய்நீரின் வெப்பம், மணிக்கு ஆவியாகும் லிட்டர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று எண்கள் இருந்தால் உங்கள் பீரை நாங்கள் எங்கள் பானையில் காய்ச்ச முடியும்.