லாப்ரடார் நாய்: சரித்திரமும் லட்சணங்களும்

வேட்டையில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவையைத் தேடியெடுத்து, சிதைக்காமல் எஜமானன் கையில் சேர்ப்பிக்கும்படி பழக்கப்பட்ட நாய்களுக்கு ரெட்ரீவர் என்று பெயர். இவ்வகுப்பில் மிகப் பிரசித்தி பெற்றது லாப்ரடார். அமெரிக்க நாட்டில் 1991 முதல் 2021 வரை 31 வருஷங்கள் பதிவுக் கணக்கில் இதுவே முதலிடம் வகித்தது. நம் நாட்டிலும் இதனை விரும்பி வாங்குவோர் பலர். வாங்குமுன் இதன் வரலாற்றையும் குணங்களையும் அறிந்துகொள்வது வீண் செலவையும், பிராணிக்கு நேரும் துன்பத்தையும் தவிர்க்கும்.

பூர்வ சரித்திரம்

பெயரைக் கொண்டு இது லாப்ரடார் பிரதேசத்தில் தோன்றியதென எண்ணுதல் பிழை. கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவே இதன் பூர்விகம். அங்குக் காட் மீன் பிடிக்கும் செம்படவர்கள், செயின்ட் ஜான்ஸ் நாய் எனப்பட்ட குட்டை மயிருள்ள கருநாயை வளர்த்து வந்தனர். தூண்டிலினின்று நழுவிய மீனைக் கௌவுவதும், குளிர்ந்த கடலில் நீந்திக் கயிற்றையும் வலையையும் இழுத்து வருவதும் அதன் வேலைகளாம். 1822-இல் அத்தீவைக் கால்நடையாகக் கடந்த கார்மாக் என்பவர், அந்நாய்கள் பறவை வேட்டைக்கும் பழக்கப்பட்டிருந்ததைக் குறித்துள்ளார்.

மீன் ஏற்றிவந்த கப்பல்கள் மூலம் இந்நாய்கள் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடைந்தன. அவற்றின் திறமையைக் கண்ட மால்ம்ஸ்பரி பிரபுவின் குடும்பத்தார் அவற்றை வாங்கி, கூடியவரை பிற ஜாதிகளுடன் கலவாமல் பெருக்கினர். 1880-களில் அவர்கள் ஸ்காட்லாந்திலுள்ள பக்லூ பிரபுவின் நாய்ப்பட்டிக்குச் சில நாய்களை அளித்தனர். அவற்றுள் நெட், ஏவன் என்னும் இரண்டும் இன்றைய லாப்ரடார்களின் மூதாதைகளாகக் கருதப்படுகின்றன. 1903-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும், 1917-இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இதனைத் தனி ஜாதியாக அங்கீகரித்தன.

தாய்நாட்டிலோ இதற்கு மாறான கதி நேர்ந்தது. ஆடுகளைப் பாதுகாக்கும் பொருட்டு 1885-இல் நியூபவுண்ட்லாந்தில் இயற்றப்பட்ட சட்டம், நாய் வளர்ப்பதை வட்டாரந்தோறும் கட்டுப்படுத்த இடமளித்தது. செயின்ட் ஜான்ஸ் நாய் படிப்படியாகக் குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஒதுக்கமான ஒரு மீனவ ஊரில் எஞ்சியிருந்தவை இரண்டே. இரண்டும் கிழட்டு ஆண் நாய்கள். அவற்றுடன் அந்த ஜாதி அற்றுப்போயிற்று. கடல் கடந்து சிலர் அதன் வம்சத்தைக் கருத்துடன் காத்திராவிடில் லாப்ரடாரும் இராது. நாட்டு மாட்டினங்களை வளர்ப்போரும் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

லட்சணங்கள்

ஆண் நாய் சுமார் 22 முதல் 24 அங்குல உயரமும் 65 முதல் 80 ராத்தல், அதாவது 29 முதல் 36 கிலோ, எடையும் உடையது. பெண் நாய் சற்றுச் சிறியது. மேல்மயிர் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். அதன்கீழ் நீர் புகாத மெல்லிய உள்மயிர் உண்டு. வால் அடியில் பருத்து, நுனியிற் சிறுத்து, நீர்நாயின் வாலை ஒத்தது. விரல்களின் இடையே சவ்வு இருப்பதால் நன்கு நீந்தும். கறுப்பு, மஞ்சள், சாக்லேட் பழுப்பு ஆகிய மூன்றே அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள். கறுப்புப் பெற்றோருக்கு மஞ்சள் குட்டி பிறத்தல் கூடும். மஞ்சள் பெற்றோர் இருவருக்குப் பிறப்பவை யாவும் மஞ்சளாகவே இருக்கும். எனவே நிறத்தை மட்டும் கொண்டு குட்டியின் வம்சசுத்தத்தை ஐயுறலாகாது.

குணமும் உபயோகமும்

இது சாந்தமானது, எளிதிற் கற்கும், குழந்தைகளிடம் அன்பு காட்டும். மோப்ப சக்தி மிக்கதாதலால் போலீஸ், ராணுவ இலாகாக்கள் வெடிமருந்தைக் கண்டுபிடிக்க இதனை உபயோகிக்கின்றன. கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் இது பழக்கப்படுகிறது. ஆனால் அந்நியரிடமும் சிநேகமாய் நடந்துகொள்வதால் களத்திற்கும் தோட்டத்திற்கும் காவலாகாது. அவ்வேலைக்கு நம் ராஜபாளையம், கோம்பை ஜாதிகளே தக்கவை.

பராமரிப்பு

லாப்ரடார் பெருந்தீனிக்காரன். பசியடங்காமைக்குக் காரணமான மரபணுக் குறையொன்று நான்கில் ஒரு பங்கு நாய்களுக்கு இருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகையால் கேட்கும்போதெல்லாம் உணவிடாமல், வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு இருவேளை அளவாக இடவேண்டும். உடல் பருத்தால் மூட்டுகள் கெடும். வெங்காயம் நாய்க்கு நஞ்சாகையால் மீந்த குழம்புச் சாதம் இடலாகாது. வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

இரட்டை மயிர்ப்போர்வை குளிர்நாட்டுக்கு ஏற்றது. நம் கோடையில் நடுப்பகலில் வெயிலிற் கட்டினால் நாய் வெப்பத்தாக்கால் இறக்கக்கூடும். அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் ஓடவிட்டு, நிழலும் குளிர்ந்த நீரும் எப்போதும் கிடைக்கச் செய்யவேண்டும்.

இடுப்பு மூட்டுக்கோளாறு இந்த ஜாதியில் பரம்பரையாய் வருவது. ஆதலால் தாய், தந்தை நாய்களின் எக்ஸ்ரே சோதனை முடிவைக் கேட்டறிந்து, எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குக. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் போடவேண்டும். நல்ல பராமரிப்பில் 10 முதல் 12 வருஷம் உயிர்வாழும். அத்தனை வருஷமும் அளவான உணவும் நிழலும் தினப்பயிற்சியும் அளிக்க இயலாதவர் இதனை வாங்காதிருத்தலே உத்தமம்.