பாயும் இயந்திரமும் உடைய சிறுபடகு: தெரிந்து வாங்கும் முறை

நமது மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டுக் கிடக்கின்றன. இவையன்றிப் பழவேற்காடு போன்ற காயல்களும், அணைகளின் நீர்த்தேக்கங்களும், பெரிய ஏரிகளும் உள்ளன. இந்நீர்நிலைகளை அடுத்துள்ள ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சிறுபடகு ஒன்றை வாங்க எண்ணலாம். வெள்ளக் காலத்தில் மக்களை மீட்பதற்கும், இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கும், வெளியூரிலிருந்து வருவோரை ஏற்றிச் செல்வதற்கும் அது பயன்படும்.

அப்போது விற்பவர், “இப்படகு பாயிலும் செல்லும், இயந்திரத்தில் விரைந்தும் ஓடும், வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டு போகலாம்” என்று கூறுவார். அவர் கூறும் மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்று நலன்களும் ஒரே படகில் முழுமையாக அமைவதில்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றில் சிறிது விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கு உதவும் சில செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

வேகத்தின் எல்லை

உழவுக்குப் பழகிய மாடு ரேக்ளா வண்டியில் தோற்கும். ரேக்ளா மாடு சேற்றில் நெடுநேரம் நிற்காது. படகின் அடிப்பகுதியும் இத்தகையதே.

படகு முன்னேறும்போது நீரைத் தள்ளி ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடுகிறது. முடிவில் படகின் முன்புறம் ஓர் அலைமேட்டிலும் பின்புறம் மற்றோர் அலைமேட்டிலும் நிற்க, நடுவே உள்ள பள்ளத்தில் படகு சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் விரைய வேண்டுமாயின், தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏற வேண்டும். பாய்க்கும் சிறு இயந்திரத்துக்கும் அவ்வளவு ஆற்றல் இல்லை.

இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீரைத் தொடும் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என்று விடை வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 16 அடிப் படகுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 5.4 கடல் மைல். அதாவது 10 கிலோமீட்டர். 25 அடிப் படகுக்கு 6.7 கடல் மைல். அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இவ்வெல்லையைத் தாண்டி ஓடும் படகுகளும் உள்ளன. அவற்றின் பின்னடி தட்டையாக இருக்கும்; எடை குறைவாக இருக்கும்; இயந்திரம் பெரிதாக இருக்கும். அவை நீரைக் கிழித்துச் செல்லாமல், முன்புறம் உயர்ந்து நீரின் மேல் வழுக்கிச் செல்கின்றன. பாய்க்கு ஏற்ற படகின் பின்னடியோ வளைந்து மேலேறி, நீரை அமைதியாக விடுவிக்கும். தட்டையான பின்னடியை மெதுவாகப் பாயில் ஓட்டினால், பின்பலகை நீரில் அமிழ்ந்து இழுக்கும். வளைந்த பின்னடியில் பெரிய இயந்திரத்தைப் பூட்டினால், பின்புறம் அமிழ்ந்து எரிபொருள் வீணாகுமேயன்றி வேகம் பெருகாது. ஆகவே, படகைக் கரையில் நிறுத்திப் பின்புறமாகச் சென்று அடியை நோக்குவதே வாங்குவோர் செய்ய வேண்டிய முதல் ஆய்வு.

அமெரிக்க நாட்டு உதாரணம்

பாயில் செல்லவும், இயந்திரத்தில் விரையவும், மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லவும் ஏற்ற படகுகள் அமெரிக்காவில் மிகுதியாகப் பரவியுள்ளன. அங்கே பலர் படகைத் தம் வீட்டருகே வைத்திருந்து, விடுமுறை நாளில் ஏரிக்கு இழுத்துச் செல்கின்றனர். கலிபோர்னியா மாநிலத்தின் காஸ்டா மேசா நகரில் ரோஜர் மக்ரிகர் என்பவரின் தொழிற்சாலை 2013 வரை செய்துவந்த 26 அடிப் படகுகள் இவ்வகையில் பெயர் பெற்றவை.

அவற்றின் சிறப்பு நீரையே பாரமாகக் கொண்டதில் இருந்தது. பாய்ப் படகு காற்றில் கவிழாதிருக்க அடியில் பாரம் வேண்டும். ஆனால் அந்தப் பாரத்தைச் சாலையில் இழுத்துச் செல்வது கடினம். எனவே படகின் அடியில் ஒரு தொட்டியை அமைத்தனர். படகு நீரில் இறங்கியதும் அடைப்பைத் திறந்தால் தொட்டி நிரம்பும். வண்டியில் ஏற்றும்போது நீர் வடிந்துவிடும். 26எம் என்ற வகையில் வெறும் படகு ஏறத்தாழ 1,150 கிலோ எடையும், தொட்டி நீர் ஏறத்தாழ 520 கிலோ எடையும் இருந்தன. 50 குதிரைத்திறன் இயந்திரத்தைப் பூட்டி, தொட்டியைக் காலியாக வைத்து, ஆட்களும் சிலரே இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. எனினும் தட்டையான பின்னடியும், உயர்ந்த பக்கங்களும், பின்னே தொங்கும் கனத்த இயந்திரமும் இருந்தமையால், பாயில் மட்டுமே செல்வதற்கென்று செய்யப்பட்ட அதே நீளமுள்ள படகுகளின் ஓட்டம் இதற்கு அமையவில்லை. வாங்கியோர் பலர் இதை அறிந்தே வாங்கினர்.

இங்கு அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வேகம் கிடைத்தது தொட்டி காலியாக இருந்தபோது. பாதுகாப்புக் கிடைத்தது தொட்டி நிறைந்திருந்தபோது. 2002 ஜூலை 4 அன்று வெர்மாண்ட் மாநிலத்தின் சாம்ப்ளேன் ஏரியில் இத்தொழிற்சாலையின் 26 அடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறியிருந்தனர். தொட்டியில் நீர் நிரப்பப்பட்டிருக்கவில்லை. உள்ளறையில் இருந்த இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர்.

நிறைகுடம் ததும்பாது என்பது நம் பழமொழி. தொட்டிக்கும் இதுவே விதி. பாதி நிறைந்த தொட்டியில் நீர் தாழ்ந்த பக்கம் ஓடி, சாய்வை மேலும் மிகுவிக்கும். நீர்ப்பாரம் உடைய படகை வாங்கும் ஊராட்சி, “தொட்டி நிறைந்த பின்னரே ஆட்கள் ஏற வேண்டும்” என்பதையும், ஏறத்தக்கோர் எண்ணிக்கையையும் படகின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும்.

பாரம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. பாக் நீரிணைப் பகுதியில் வத்தைகளில் பாய் விரித்தோர், காற்று வரும் பக்கத்தே நீண்ட பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் அமர்ந்து சாய்வைத் தடுத்தனர். அங்கே மனிதரே பாரமாயினர். அமெரிக்கப் படகில் நீர் பாரமாயிற்று. இரண்டின் கருத்தும் ஒன்றே.

எரிபொருட் கணக்கு

பெட்ரோலில் இயங்கும் வெளிப்பொருத்தும் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால், 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் எரிபொருள் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. 10 கடல் மைல் செல்ல வேண்டும் என்று கொள்வோம். 10 குதிரைத்திறன் இயந்திரம் மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடினால், 1 மணி 40 நிமிடத்தில் ஏறத்தாழ 6½ லிட்டர் செலவாகும். 50 குதிரைத்திறன் இயந்திரம் 18 கடல் மைல் வேகத்தில் ஓடினால், 33 நிமிடத்தில் ஏறத்தாழ 11 லிட்டர் செலவாகும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகிறது. அதன் விலை 4½ லிட்டர் பெட்ரோல். நீரில் தத்தளிப்போரை மீட்கும் படகுக்கு இது மலிவான விலை. நாள்தோறும் சென்று திரும்பும் படகுக்கோ ஆண்டு முழுவதும் சேர்ந்து பெருஞ்செலவாகும். 50 குதிரைத்திறன் இயந்திரத்தின் எடையும் ஏறத்தாழ 100 கிலோ. சிறிய இயந்திரத்தைப் போல ஒருவர் கழற்றித் தூக்கிச் செல்ல இயலாது. முன்கூட்டியே பணியைத் தீர்மானித்த பின்னரே இயந்திரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இழுவண்டியும் இறங்குதுறையும்

படகை ஏற்றும் டிரெய்லரைப் பற்றி விவசாயிகளுக்கு நாம் மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும். டிரெய்லரிலும் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இணைப்புக் கொக்கியின் மேல் அமைய வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். படகின் எடையோடு இயந்திரம், எரிபொருள், நங்கூரம், டிரெய்லர் ஆகியவற்றின் எடைகளையும் கூட்டியே இழுக்கும் வாகனம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். உப்புநீரில் மூழ்கி எழும் சக்கரங்களை ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி, பேரிங்குகளுக்குக் கிரீஸ் இடாவிட்டால் அவை விரைவில் துருப்பிடித்து இறுகும்.

ஊராட்சியின் கடமை இங்கே தொடங்குகிறது. இறங்குதுறை இல்லாத ஊரில் டிரெய்லர்ப் படகு பயன்படாது. 100 அடி நீளத்துக்கு 12 முதல் 15 அடி வரை சரியும் உறுதியான சொரசொரப்புத் தளம் வேண்டும். அதற்கு மேல் சரிந்தால் வாகனம் ஏற இயலாமல் வழுக்கும். குறைந்தால் வாகனத்தின் சக்கரம் நீரில் இறங்கும். அலை மோதும் திறந்த மணற்கரையில் இத்தளம் நிலைக்காது. அங்கே மணலில் இழுக்கத்தக்க இலகுவான படகே ஏற்றது.

துறையின் மேலே மின்கம்பி செல்கிறதா என்பதையும் நோக்க வேண்டும். அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்தும்போது அது மின்கம்பியைத் தொட்டால், பிடித்திருப்பவர் உயிர் போகும். பாய்மரம் ஏற்றும் இடத்தைக் கம்பியற்ற வெளியில் குறித்து, அறிவிப்புப் பலகை நடுதல் இன்றியமையாதது. இயன்றவரை குட்டையான பாய்மரமும், அதில் ஏற்றி இறக்கும் பருமலும் உடைய படகைத் தேர்ந்தால், இருவர் சில நிமிடங்களில் பாய் விரிக்கலாம்.

பாய் எதற்கு?

“இயந்திரம் இருக்கும்போது பாய் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் கட்டுமரக்காரர் இரவின் கரைக்காற்றில் கடலுக்குச் சென்று, பிற்பகலின் கடற்காற்றில் கரை திரும்பினர். 1980-களிலிருந்து இயந்திரங்களும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகளும் பெருகின. பாய் பல கரைகளில் மறைந்தது. இயந்திரம் நின்றுவிட்டால் அத்தகைய படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் செல்லும். துணைப்படகு வரும் வரை காத்திருப்பதே வழி.

பாய் இருந்தாலும், காற்றை எதிர்த்து வர நீருக்குள் இறங்கும் பலகை வேண்டும். அஃதில்லாத படகு பக்கவாட்டில் நழுவும். இப்பலகை மேலே தூக்கத்தக்கதாக இருந்தால்தான் படகு ஆழமற்ற நீரிலும் டிரெய்லரிலும் ஏறும். நடுவே பெட்டிக்குள் இறங்கும் பலகையில் மணல் புகுந்து இறுகக்கூடும். கட்டுமரக்காரர் செய்ததுபோல் பக்கத்தில் இறக்கும் பலகைக்கு இத்தொல்லை இல்லை. சுக்கானும் இயந்திரமும் அவ்வாறே மேலே தூக்கத்தக்கனவாக இருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

ஊராட்சிக் கூட்டத்தில் பின்வருவனவற்றைக் கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்.

முதலாவது, படகின் தலையாய பணி யாது? மீட்பா, பயிற்சியா, போக்குவரத்தா? இரண்டாவது, எத்தனை பேர், எவ்வளவு சரக்கு? மூன்றாவது, எங்கே இறக்கி எங்கே நிறுத்துவது? இழுக்கும் வாகனம் எது? நான்காவது, உள்ளே நீர் நிறைந்தாலும் மிதக்கும்படி நுரைக்கட்டைகள் வைத்துள்ளனரா? ஐந்தாவது, இயந்திரத்துக்கு உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் அருகில் உண்டா? ஆறாவது, ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை உண்டா? மீன்பிடிக்கும் படகாயின் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படியும், உள்நாட்டு நீர்நிலையில் இயந்திரத்தால் ஓடும் படகாயின் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படியும் செய்ய வேண்டிய பதிவு முறைகளையும் கேட்டறிய வேண்டும்.

இவற்றுக்குப் பின், பணம் கொடுக்குமுன், படகை நீரில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். துணைப்படகு ஒன்று உடன் வரட்டும். வழக்கமாக ஏறும் ஆட்களின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, இயந்திரத்தில் எவ்வளவு விரைகிறது என்று அளக்க வேண்டும். கரையிலிருந்து கடற்பக்கமாகக் காற்று வீசும் நேரத்தில் அரைக் கிலோமீட்டர் சென்றதும் இயந்திரத்தை நிறுத்தி மேலே தூக்கிவிட்டு, பாயை மட்டும் விரித்துக் கரைக்குத் திரும்புமாறு கேட்க வேண்டும். காற்றுக்கு எதிரே இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து ஓடி, படகு புறப்பட்ட துறைக்கே வந்து சேருமாயின், அதில் உள்ள பாய் உண்மையான பாய். வந்து சேராவிட்டால், அதை இயந்திரப் படகு என்று மட்டும் மதித்து, அந்த விலைக்கே கேட்க வேண்டும். கடலுக்கு அனுப்பும்போது இரண்டாவது இயந்திரம் ஒன்றையும் உடன் அனுப்ப வேண்டும்.