எந்தப் பியானோ சிறந்தது?

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஷோப்பான் அனைத்துலகப் பியானோ போட்டி நடைபெறுகிறது. உலகின் பல நாடுகளிலிருந்து இளங்கலைஞர்கள் அங்குக் கூடுகின்றனர். போட்டி தொடங்கும் முன்பே அவர்கள் ஒரு முக்கிய முடிவை எடுக்க வேண்டும். மேடையில் வைக்கப்பட்டுள்ள பியானோக்களில் எதை வாசிப்பது என்பதே அந்த முடிவு. வயலின் கலைஞர் தம் கருவியைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கச்சேரிப் பியானோவை அப்படி எடுத்துச் செல்ல முடியுமா? எனவே, கிடைக்கும் குறுகிய நேரத்தில் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்து, அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பார்வைக்கு அவை அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆயினும், அவற்றின் ஒலி வேறுபடுகிறது. அதற்குக் காரணம் என்ன?

விசையை அழுத்தும்போது, கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டுகிறது. கம்பி அதிர்கிறது. ஆனால், கம்பியின் ஒலி மட்டும் அரங்கை நிரப்பப் போதாது. கம்பிகளுக்குக் கீழே விரிந்திருக்கும் மெல்லிய மரப்பலகையே அந்த அதிர்வை வாங்கி, ஒலியைப் பெருக்குகிறது. இதனை ஒலிப்பலகை என்பர். சுத்தியல், கம்பி, பலகை, அவற்றைச் சூழ்ந்துள்ள உடற்பகுதி ஆகியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய முறையில் அமைக்கிறது. ஒலி வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது.

ஸ்டைன்வே நிறுவனம் 1853ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. இதன் கச்சேரிப் பியானோ 274 சென்டிமீட்டர் நீளமுடையது. கடினமான மேப்பிள் மரத்தின் மெல்லிய அடுக்குகளை ஒட்டி, வளைத்து இதன் உடற்பகுதியைச் செய்கின்றனர். பெரிய இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்கும்போதும் இதன் ஒலி அமுங்கிப்போவதில்லை. இந்நிறுவனத்திற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அங்கு உருவாகும் பியானோவுக்கும் நியூயார்க்கில் உருவாகும் பியானோவுக்கும் இடையே கூட ஒலி வேறுபாடு இருப்பதாகக் கலைஞர்கள் கூறுவர்.

வியன்னாவில் 1828ஆம் ஆண்டு தோன்றிய பொசெண்டோர்ஃபர் நிறுவனம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. ஒலிப்பலகைக்குப் பயன்படும் ஸ்ப்ரூஸ் மரத்தையே உடற்பகுதிக்கும் பயன்படுத்துகிறது. அதனால் பியானோவின் உடலும் சேர்ந்து அதிர்கிறது. ஒலி கனிவாகவும் இதமாகவும் கேட்கிறது. இதன் ‘இம்பீரியல்’ பியானோவில், வழக்கமான 88 விசைகளுக்குப் பதிலாக 97 விசைகள் உள்ளன. கூடுதல் விசைகளை அழுத்தாதபோதும், அவற்றின் தடித்த கம்பிகள் மற்றக் கம்பிகளோடு சேர்ந்து அதிர்ந்து, ஒலிக்கு ஆழம் சேர்க்கின்றன.

பழமையான நிறுவனங்களால் மட்டுமே சிறந்த பியானோவை உருவாக்க முடியும் என்பதில்லை. பியானோ கலைஞரும் பொறியாளருமான பாவ்லோ ஃபாட்சியோலி, 1981ஆம் ஆண்டில்தான் இத்தாலியில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய பியானோக்கள் தெளிவான, பல வண்ணங்கள் கொண்ட ஒலிக்குப் பெயர் பெற்றவை. ஜப்பானின் யமஹா நிறுவனமும் ஒலியின் துல்லியத்தால் உலக மேடைகளில் இடம்பிடித்துள்ளது.

கருவியைச் செய்து முடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சுத்தியலின் கம்பளி இறுகினால் ஒலி கூர்மையாகும். அப்போது தொழில்நுட்பர் அதை நுண்ணிய ஊசிகளால் குத்தித் தளர்த்துவார், ஒலி மென்மையாகும். ஆகவே, ஒரே நிறுவனத்தின் இரு பியானோக்களும் முற்றிலும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை.

இனி, வார்சா போட்டியின் முடிவுகளைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டில் வென்ற யூலியானா அவ்தேயேவா யமஹா பியானோவை வாசித்தார். 2015இல் வென்ற சோ சோங்-ஜின் ஸ்டைன்வேயைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து 2021இல் நடந்த போட்டியில் வென்ற புரூஸ் லியு வாசித்ததோ ஃபாட்சியோலி. அடுத்தடுத்த மூன்று போட்டிகளில் மூவர் வென்றனர். மூவரும் வாசித்தவை வெவ்வேறு பியானோக்கள்.

எனவே, ‘எந்தப் பியானோ சிறந்தது?’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. புகழையோ விலையையோ பார்த்து அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தாம் வாசிக்கவிருக்கும் இசையை எந்தக் கருவி தம் விரல்களுக்கு இசைந்து வெளிப்படுத்துகிறது என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்தனர்.