வருகைப் பதிவு யாருக்காக?

அன்புள்ள கவின்,

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறாய். முதல் வாரத்தில் ஒவ்வொரு பேராசிரியரும் ஒரு சிலபஸ் தருவார். அதில் வருகை பற்றி ஒரு பத்தி இருக்கும். இத்தனை வகுப்புக்கு வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவேன் என்று ஒருவர் எழுதியிருப்பார். வருகைக்கு இத்தனை மதிப்பெண் என்று இன்னொருவர் எழுதியிருப்பார். பதினெட்டு வயதுக்கு மேலும் ஆஜர் சொல்ல வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் 75 சதவீத விதியைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்டிருப்பாய். குறைந்தால் மருத்துவச் சான்றிதழ், அபராதக் கட்டணம், ரொம்பவும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. அந்த விதி பலருக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் மீதி 25 சதவீதத்தை எப்படிச் செலவழிப்பது என்ற கணக்கைத்தான். அந்தக் கணக்கோடு நீ உள்ளே போகக் கூடாது. வருகை விதியைக் கல்லூரியின் கெடுபிடியாகப் பார்க்காதே. நீ தேறுவதற்கு இருக்கும் வழிகளில் முழுக்க உன் கையில் இருக்கும் வழி வகுப்புக்குப் போவதுதான்.

இதை நான் வெறும் அறிவுரையாகச் சொல்லவில்லை. ஆய்வாளர் மார்கஸ் க்ரெடேயும் அவருடைய சகாக்களும் 2010இல், கல்லூரி வருகையையும் மதிப்பெண்ணையும் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். பாட மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் 21,000 மாணவர்களுக்கு மேற்பட்ட தரவு. கல்லூரியில் ஒருவர் எப்படிப் படிப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எஸ்ஏடி நுழைவுத் தேர்வையும் பள்ளி மதிப்பெண்ணையும் படிக்கும் பழக்கத்தையும் விட வருகையே முந்தி நின்றது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. வருகைக்கும் பழைய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு குறைவு. பள்ளியில் கெட்டிக்காரராக இருந்தவர்தான் வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்பதில்லை. இது உன் கல்லூரிக்கு இன்னும் பொருந்தும். 1901இல் இல்லினாயில் ஜோலியட் கல்லூரியோடு தொடங்கிய இந்த வகைக் கல்லூரிகள் இன்று மதிப்பெண் பார்த்து யாரையும் வடிகட்டுவதில்லை. வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்கின்றன. பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணை உன்னால் இனி மாற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் உட்காருவதை நீதான் முடிவு செய்கிறாய்.

நன்றாகப் படிக்க நினைப்பவர்கள்தான் வகுப்புக்கும் வருகிறார்கள், அவர்கள் வராவிட்டாலும் தேறியிருப்பார்கள் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைச் சோதித்துப் பார்க்கவே கார்லோஸ் டாப்கின் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் மூன்று பெரிய பொருளாதார வகுப்புகளில் ஒரு விதி வைத்தார்கள். இடைத்தேர்வில் நடு மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்கள் அதன்பின் கட்டாயம் வகுப்புக்கு வர வேண்டும். மற்றவர்கள் விருப்பம்போல் வரலாம். அந்த நடு மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே இருந்தவருக்கும் சற்றுக் கீழே இருந்தவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஆனால் வருகையில் 36 சதவீதப் புள்ளி வித்தியாசம் வந்தது. இறுதித் தேர்விலும் அது தெரிந்தது. வருகை பத்து சதவீதப் புள்ளி கூடினால், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்பவர் ஆறேழு பேரைத் தாண்டி முன்னே போகும் அளவுக்குப் பலன். வாரம் இரண்டு வகுப்பு, பதினைந்து வாரம் என்றால் மொத்தம் முப்பது வகுப்பு. பத்து சதவீதம் என்பது மூன்றே மூன்று வகுப்பு! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டாய விதியால் ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் கொஞ்சம்தான் கூடும் என்றே க்ரெடேயின் தொகுப்பு காட்டியது, அதுவும் மூன்று ஆய்வுகளை மட்டும் வைத்து. விதி ஒரு தூண்டுதல், அவ்வளவுதான். பலன் வருகையில்தான் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். பலருக்கு வேலை உண்டு, சிலருக்குக் குழந்தைகளும் உண்டு. கடை மேலாளர் திடீரென்று ஷிஃப்டை மாற்றினால் வகுப்பு போய்விடும். அப்படிப்பட்டவரின் பெயரை நீக்குவது ஏழையைத் தண்டிப்பதுதானே? எண்ணிக்கையை மட்டும் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை நீக்கும் பேராசிரியர் தவறு செய்கிறார் என்பதே என் கருத்தும். வருகைப் பதிவின் உண்மையான பயன், இரண்டாவது முறை வராதபோதே 'என்ன ஆயிற்று?' என்று ஒருவர் கேட்க முடிவது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. கூடவே கட்டணத்தில் துண்டு விழுந்த தொகையையும் பாடப்புத்தகத்தையும் மெட்ரோகார்டு என்ற பயண அட்டையையும் கொடுத்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். வரச் சொல்கிறவர்கள் வருவதற்கு வழியும் செய்து தர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆட்சேபத்தை நீ உனக்காகப் பயன்படுத்துமுன், உன்னைத் தடுப்பது வேலையா சோம்பலா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்.

பண விஷயமும் உண்டு, அதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. கலிபோர்னியாவில் வழக்கமான செமஸ்டர் வகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முடியும்போது சென்சஸ் நாள் வரும். அதற்குள் வகுப்புக்கு வராதவர்களின் பெயரைப் பேராசிரியர் நீக்கியாக வேண்டும். நீ மத்திய அரசின் பெல் உதவித்தொகை வாங்கினால், செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன்பே எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால், மீதி நாளுக்கான பணம் உனக்குச் சேராது. திருப்பித் தர வேண்டியிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாலும் இதே கதைதான். எல்லாப் பாடத்திலும் எஃப் விழும், கையில் கடனும் நிற்கும். பதினைந்து வார செமஸ்டரில் அந்த எல்லை ஒன்பதாவது வாரம்.

பாடம் வீடியோவில் கிடைக்கிறதே, ஆசிரியர் போரடிக்கிறாரே என்பதற்கெல்லாம் நீளமான பதில் தேவையில்லை. உனக்குப் புரியாத இடத்தில் வீடியோவிடம் கையைத் தூக்க முடியாது. போரடிக்கும் ஆசிரியர்தான் தேர்வுத்தாளையும் தயாரிக்கிறார்.

ஆகவே முதல் வாரமே எல்லா சிலபஸையும் எடுத்து, வருகை விதியையும் பாடத்தை விலக்கிக்கொள்ளும் கடைசித் தேதியையும் குறித்து வை. வர முடியாத நாளில் வகுப்பு தொடங்கும் முன்பே பேராசிரியருக்கு ஒரு மெயில் போடு; அடுத்த வாரம் அவருடைய அலுவலக நேரத்தில் நேரில் போய்ப் பார். ஒரு பாடத்தை விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முறைப்படி விலகு. சொல்லாமல் மட்டும் காணாமல் போய்விடாதே.

அன்புடன்,
மாமா